சுவரில் எல்லோருக்கும் பத்து விரல்

ஓவியரின் இடது கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் அன்று டீ சுடவில்லை.

அந்த வீட்டு டீ லேசுப்பட்ட டீ இல்லை. அடுப்பிலிருந்து இறக்கின கையோடு அவர் மனைவி கொண்டுவந்து வைக்கும் கண்ணாடி டம்ளரைத் தொடுவதற்கு இரும்படிக்கிறவரே ஒரு தடவை யோசிப்பார். ஓவியர் அதை வெறுங்கையால் தூக்கி, ஊதி ஊதி, கையை மாற்றி மாற்றி, எரிமலையை அடக்கப் புறப்பட்ட வீரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தார். கட்டைவிரல் அலறியது. ஆள்காட்டி விரல் அலறியது. நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து கூப்பாடு போட்டன. சுண்டுவிரல் மட்டும் அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பது போல டம்ளரில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி வெளுத்திருந்தது. அவர் வாழ்நாளில் கரைத்த வெள்ளையைச் சேர்த்து வைத்திருந்தால் ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ரெண்டு கோட்டு அடித்திருக்கலாம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். இது மெழுகுவர்த்தியின் வெள்ளை. உள்ளே எதுவும் ஓடாத வெள்ளை. மேஜை விளிம்பில் தட்டிப் பார்த்தார். மரத்தில் மரம் தட்டுகிற சத்தம் கேட்டது.

வெளியே வெயில் தார்ச்சாலையை அல்வா போல இளக்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று சொல்ல வழியே இல்லை. வண்ணம் கரைக்கிற டர்ப்பென்டைன் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எதிரே அவர் மனைவி தன் டம்ளரை எடுத்து, ஆவி பறக்கப் பறக்க ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். டீயை ஆற்றி ஆற்றி, அது ஐஸ் கட்டியாகும் வரைக்கும் வாயில் வைக்காதவள். அவர் அதைக் கவனித்தார். ஆனால் நினைத்துப் பார்க்கவில்லை. தம்பி போனதிலிருந்து அவளுக்கு எதிலும் கவனமில்லை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்.

தம்பி என்றால் அவளுடைய ஒரே தம்பி. பெரிய பெரிய பனிமலைகளில் ஏறுகிறவன். காற்றில் பாதி உயிர்கூட இல்லாத உயரங்களுக்கு, ஏதோ மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டே போகிறவன். போன வருஷம் கரடி என்கிற மலையேறியோடு ஒரே கயிற்றில் ஏறினான். கரடி இறங்கி வந்தார். தம்பி வரவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாதை ஓரமாக உட்கார்ந்தபடியே இருக்கிறான் என்று பிறகு போனவர்கள் சொன்னார்கள். அந்த உயரத்தில் தன் உடம்பையே தூக்கிக்கொண்டு நடப்பது பெரும்பாடு. இன்னொருத்தரை யாரும் தூக்கிவர முடியாதாம். மேலே போகிறவர்கள் எல்லோரும் அவன் நீட்டின காலைத் தாண்டித்தான் போகிறார்களாம். ஒருத்தர் அவனை அடையாளக் கல் என்றே சொன்னார். "அவரு வந்துட்டாருன்னா உச்சி பக்கம்னு அர்த்தம்," என்றார், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

கரடி என்பது மலையேறிகள் சங்கத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர். தோள் அகலம் அப்படி. அவர் வாசலில் நின்றால் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். அந்தக் கரடிக்கும் பனி இடது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்து மற்ற நாலையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அடியோடு வெட்டினார்கள்.

ஆனால் சங்கத்தின் கூடத்தில் அதெல்லாம் செல்லாது. அங்கே சுவர் முழுக்க எண்ணெய் வண்ணத்தில் சிகரம் தொட்டவர்களின் படங்கள். பனி தின்ற மூக்கோடு திரும்பியவருக்குச் சுவரில் கிளி மூக்கு. காது போனவருக்குச் சுவரில் காது; அதுவும் அப்பளம் மாதிரி விடைத்த காது. கால்விரல் ஒன்றுகூட மிச்சமில்லாதவர் வெறுங்காலோடு பாறையில் நிற்கிறார், பத்தும் பளபளக்க. நன்கொடை கொடுக்க வருகிறவர்கள் மொட்டைக் கையைப் பார்த்தால் மனசு மாறிவிடுவார்களாம். "சுவர்ல எல்லாருக்கும் பத்து வெரல் சார், அதான் நம்ம சட்டம்," என்பார் செயலாளர். வாழ்க்கையில் படிக்கட்டுக்கு மேல் எதிலும் ஏறாத மனிதர். இன்னொரு சட்டமும் உண்டு. திரும்பி வந்தவர்களுக்குத்தான் சுவர். வராதவர்களுக்கு ஆணி கிடையாது.

தம்பியின் படம் அந்தச் சுவரில் வர வேண்டும். ஓவியரின் மனைவி கேட்டது அது ஒன்றுதான். அவள் அழுது கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அவனையும் நாலு பேரு நிமிர்ந்து பாக்கணுங்க. இப்ப எல்லாரும் தாண்டிப் போறாங்க," என்றாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததுதான் ஓவியருக்குத் தாங்கவில்லை. செயலாளரிடம் போய் நின்றார். செயலாளர் தலையைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, கரடியை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் தம்பிக்கு ஒரு ஆணி அடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆக, மச்சினனை மேலே விட்டுவிட்டு வந்தவருக்கு ஓவியர் விரல் வரைய வேண்டும். வரைந்தால்தான் மச்சினனுக்கு ஆணி.

சங்கத்துக்கு இதற்கு முன்னால் வரைந்தவர் ஒரு கிழவர். பொறுப்பை ஒப்படைக்க வந்தபோது அந்த வெயிலிலும் காதை மறைத்து மஃப்ளர் சுற்றியிருந்தார். தூரிகைக் கட்டை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கித்தான் நீட்டினார். வாத நோய் என்று ஓவியர் நினைத்தார். போகும்போது கிழவர், "இல்லாததை வரையறப்போ போட்டோவைப் பாத்து வரைங்க. உயிருள்ளது எதையும் பாக்காதீங்க," என்றார். ஓவியருக்குச் சுருக்கென்றது. போட்டோவைப் பார்த்து வரைகிறவர்களை அவர் ஓவியராகவே மதிப்பதில்லை. அவர் பாணியே வேறு. எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். படம் வரைகிற துணியைப் பார்க்கவே மாட்டார். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், சண்டை போடும், கை பாட்டுக்கு வரைந்துகொண்டே போகும். சில சமயம் படம் முடிந்ததே அவருக்குத் தெரியாது. எதிரே இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் கைக்குத் தனியாக ஒரு தலை இருக்கிறது என்று செயலாளர் கிண்டல் செய்வார். அதை ஓவியர் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் கரடியின் இல்லாத விரல்களுக்கு அவர் தன் இடது கையையே பார்த்து வரைந்தார். படத்தில் பனிக்கோடாலியைப் பிடித்திருக்க வேண்டும். அவர் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் சுண்டுவிரல் வந்தது. அருமையாக வந்தது.

அதற்கு மறுநாள்தான் அந்த டீ.

*

கரடி அடுத்த தடவை வந்து உட்கார்ந்தபோது வீட்டின் பின்னறை, எப்போதும் ஆளிவிதை எண்ணெயும் பழைய துணியும் மணக்கிற அந்த அறை, வேறு ஏதோ மணத்தது. நனைந்த கம்பளி. இரும்பு. ஐஸ் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுமே, அந்த வாசனையில்லாத வாசனை. குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நின்று நின்று சொட்டியது. கரடி இடது கையில் எப்போதும் ஒரு கறுப்புக் கையுறை போட்டிருப்பார். கட்டைவிரல் தவிர மற்ற நாலு உறையும் காலியாக, காய்ந்த மிளகாய் மாதிரி தொங்கும். முகத்துக்கு மெருகேற்ற ஓவியர் கரடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக், டொக் என்று ஒரு சத்தம். நாற்காலிக் கையில் யாரோ தாளம் போடுகிற சத்தம்.

கண்ணைக் கீழே இறக்கினார்.

கையுறையின் சுண்டுவிரல் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் தொங்கின. அது மட்டும் நிறைந்திருந்தது.

கரடியும் குனிந்து பார்த்தார். ஆச்சரியப்பட்டவராகவே தெரியவில்லை. ரொம்ப நாளாக வராத சம்பளம் வந்துவிட்டதைப் போல ஒரு திருப்தி. "ராத்திரி முழுக்க அரிச்சுது சார். காலையில பாத்தா இருக்கு," என்றார். "நீங்க வரைங்க. நல்லா வருது."

அன்றைக்கு வரையக் கை வரவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, ஓவியர் அறையைத் தாளிட்டார். வண்ணம் சுரண்டுகிற சின்னக் கத்தியை எடுத்தார். படத்தில் இருந்த சுண்டுவிரலின் நுனியில் வைத்து மெல்ல இழுத்தார். வண்ணம் சுருள் சுருளாக எழுந்தது. அதே நேரத்தில், கத்தி படாத தன் சுண்டுவிரலிலிருந்து தோல், உருளைக்கிழங்குத் தோல் மாதிரி, அழகாக, மெல்லியதாக, ஒரு சுருள் எழுந்து தரையில் விழுந்தது. ரத்தம் வரவில்லை. வலிக்கவுமில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுரண்டின இடத்தை மறுபடி வரைந்து மூடினார். கை நடுங்கவில்லை, அதற்குத்தான் தனித் தலை ஆயிற்றே.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே துணியைச் சுருட்டி எறிந்திருப்பார்கள். அவருக்கும் எறியத்தான் ஆசை. சாயங்காலம் மனைவி வந்தாள். கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கு விடைத்தாள் கட்டைப் பிரித்து, குனிந்த தலை நிமிராமல் திருத்த ஆரம்பித்தாள். தப்பான கணக்கைப் பார்த்தால் முன்பெல்லாம் அந்தப் பிள்ளையின் பரம்பரையையே இழுத்துத் திட்டிச் சிரிப்பாள். இப்போது சிவப்புக் கோடு மட்டும் போட்டாள். ஒவ்வொரு கோடும் ஓவியரின் முதுகில் விழுந்தது. விரல்தானே, அதுவும் இடது கைதானே, தூரிகை பிடிக்கிற கை இல்லையே என்று தனக்குள் பேரம் பேசினார். பேரம் படிந்துவிட்டது.

மோதிர விரலை வரைந்தார். அதில் சின்ன வயதில் படச்சட்டம் அடிக்கும்போது ஆணி கிழித்த தழும்பு ஒன்று உண்டு, பிறை மாதிரி. தழும்பும் துணியில் வந்துவிட்டது. அப்புறம் நடுவிரல். அப்புறம் ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றாக மெழுகாகி, நீலமாகி, கடைசியில் நுனியில் கறுத்தன. கையில் துணி சுற்றிக்கொண்டு, டர்ப்பென்டைன் புண் என்று மனைவியிடம் சொன்னார். அவள் சரி என்றாள். கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை.

கடைசியாகக் கரடி வந்த அன்று அவராகவே கையுறையைக் கழற்றினார். இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார். பத்து.

இடது கையில் நாலு விரல் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மெலிந்து இருந்தன. நகக் கண்ணில் பழுப்பு வண்ணம் ஒட்டியிருந்தது. மோதிர விரலில் பிறைத் தழும்பு. ஓவியரின் வாழ்நாள் முழுக்க அவரோடு சோறு தின்ற விரல். கரடி அந்த விரலை நீட்டி, சாவகாசமாக மூக்கைக் குடைந்துகொண்டார்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா என்று ஓவியர் கேட்டார். கேட்கும்போது துணி சுற்றிய கையை மேஜைமேல் தூக்கி வைத்தார்.

கரடி அந்தக் கையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மேல அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்," என்றார். "குளிருது. கையில கிடைக்கறதப் போட்டுக்குவோம். பொடியன் உக்காந்துட்டான். உக்காந்தா எந்திரிக்க முடியாது, அவனுக்கே தெரியும். என் வலது கையுறை காத்துல போயிடுச்சு. அவனுதைக் கழட்டினேன். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு, பாத்துக்கிட்டேதான் இருந்தான். ஆனா பனி வெளிச்சத்துல கண்ணு போயிருந்துச்சு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான்தான்னு கையத் தடவிப் பாத்தான்." வலது கையை மடக்கி நீட்டினார். "சரியா இருந்துச்சு எனக்கு. அதான் இந்தக் கை தப்பிச்சுது."

சொன்னவர் குரலில் ஒரு நெளிவும் இல்லை. பஸ்ஸில் இடம் பிடித்த கதையைச் சொல்கிற குரல்.

மத்தியானம் சங்கத்து வண்டி வந்து படத்தை எடுத்துக்கொண்டு போனது. செயலாளர் போனில் பூரித்துப்போனார். கரடியின் விரல் அப்படியே உயிரோடு இருக்கிறதாம். தம்பிக்கு ஆணி அடித்தாகிவிட்டதாம். கூடத்தில் இடமில்லாததால் பின் வராந்தாவில், கழிப்பறைக்குப் போகிற வழியில். "எல்லாரும் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போவாங்களே சார்," என்றார்.

*

மனைவி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டீ போட்டுக் கொண்டுவந்து இரண்டு டம்ளரையும் வைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். எல்லா நாளும் போல. தெருவில் எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் தன் வேலையைப் பார்த்தது. ஒரு ஈ டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து, சூடு பொறுக்காமல் பறந்து, அவள் கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

அவள் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஈ கன்னத்திலிருந்து மூக்குக்கு ஏறியது. மூக்கின் விளிம்பில் நின்று முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டது. உதட்டுக்கு இறங்கி, உதட்டின் கோடு வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஆறு தாண்டுகிற பொறுமையோடு நடந்தது. அவள் கையை வீசவில்லை. முகம் சுளிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினாள்.

ஓவியர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீ சுடலையா?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளா சுடறதில்லைங்க," என்றாள் நிமிராமல்.

ரொம்ப நாளாக. கரடிக்கு முன்னாலிருந்து. சுண்டுவிரலுக்கு முன்னாலிருந்து.

பின்னறையில், பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு துணி இருந்தது. தம்பி. செயலாளர் சரி என்ற அன்றே ஆரம்பித்தது. முடித்து அவள் முன்னால் நிறுத்தி அவளைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஆசை. தம்பியின் போட்டோ வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. ஒன்றையும் தொடவில்லை, போட்டோ என்றால்தான் இவருக்கு ஆகாதே. அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. அதே தாடை, அதே மூக்கு, சிரித்தால் ஒரு பக்கம் ஏறுகிற அதே உதடு. அவள் ஜன்னலோரம் குனிந்து திருத்தும்போதெல்லாம் பின்னறைக் கதவு இடுக்கு வழியே அவளையே பார்த்துப் பார்த்து, நெற்றி, கன்னம், மூக்கு, வாய் எல்லாவற்றையும் முடித்திருந்தார். அவள் குனிந்தே இருந்ததால் கண் மட்டும் வரையவில்லை.

ஓடினார். பீரோவை நகர்த்தினார். துணியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில், படம் தாங்குகிற முக்காலியில் நிறுத்தினார்.

தம்பி வாயை மூடியிருப்பதாகத்தான் அவர் வரைந்திருந்தார்.

இப்போது திறந்திருந்தது. கொஞ்சம். உதட்டில் வெடிப்பு. தாடியில் பனி. வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மூச்சு. அந்த உயரத்து மூச்சு. ஒன்று இழுத்துவிட்டு, இனிமேல் வருமா வராதா என்று காக்க வைத்து, அப்புறம் ஒன்று. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. பழுப்பாக, இரண்டு குழி.

கத்தியைத் தேடினார். எடுத்தார். வைத்தார். சுரண்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். உருளைக்கிழங்குத் தோல். அவள் முகத்தில்.

"எனக்கு முகம் முழுக்கக் காத்து அடிக்குதுங்க."

அவள் வாசலில் நின்றிருந்தாள். சிவப்புப் பேனா கையில் இருந்தது. துணியைப் பார்த்தாள். அலறுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கிட்டே வந்தாள். தம்பியின் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வைத்து, அடுப்புச் சூடு பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் பேசினதும் படத்தில் இருந்த முகம் லேசாகத் திரும்பியது. குரல் வந்த பக்கம்.

"கண்ணை ஏன் விட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். கையில் சுற்றிய துணியைப் பிரித்துக் காட்டினார். கரடியைச் சொன்னார், கையுறையைச் சொன்னார், தடவிப் பார்த்த கையைச் சொன்னார். சொன்னால் கோபம் வரும், கோபம் வந்தால் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு கணக்கு. அவள் அவருடைய கறுத்த விரல்களைத் தொட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள். அதற்காக வருந்துகிறாள் என்றுதான் தெரிந்தது. ஆனால் காது படத்தின் பக்கம்தான் இருந்தது.

"பாருங்க, மூச்சு விடறான்," என்றாள். "கண்ணு தெரியாம உக்காந்திருக்கான். எல்லாரும் அவன் காலத் தாண்டிட்டுப் போறாங்க. யாருன்னுகூடத் தெரியல அவனுக்கு."

நாற்காலியை இழுத்தாள். ஜன்னலுக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். இத்தனை நாளும் நிமிராத தலையை நிமிர்த்தி, நேராக அவரைப் பார்த்தாள்.

முடியாது என்றார்.

அவள் சிவப்புப் பேனாவை மூடி மடியில் வைத்தாள்.

முடியவே முடியாது என்றார். அவள் கண்ணையே பார்த்துச் சொன்னார். கெஞ்சினார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்த்து வைத்து அன்றைக்குச் சொன்னார். எனக்கு யார் இருக்கிறார்கள் என்றார். அவன் போய்விட்டான், போனவனுக்கு நீ போகாதே என்றார். ஒரு கணம்கூடப் பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் மனசு மாறிவிடும் என்று பயம். பழுப்புக் கண். நடுவில் கறுப்பு. கறுப்பில் ஜன்னல், சின்னதாக. எத்தனை வருஷம், இந்தக் கண்ணை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

சர்... சர்... என்று எங்கோ ஒரு சத்தம். மூச்சு என்று நினைத்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இமைக்காமல். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் லேசாக ஏறியிருந்தது.

பேசிப் பேசி அவருக்கு வார்த்தை தீர்ந்தது.

சத்தமும் நின்றது.

அறை குளிர்ந்திருந்தது. கம்பளி வாசனை. வலது கை தூக்கியபடி இருந்தது. விரலிடுக்கில் மெல்லிய தூரிகை. எப்போது எடுத்தார்? நுனி ஈரமாக இருந்தது.

பழுப்பு.

"ஏம்மா," என்றார்.

அவள் இமையில் பனி பூத்திருந்தது. கூடத்திலிருந்து ஈ வந்தது. உதட்டில் உட்கார்ந்தது. கன்னத்தில் ஏறியது. திறந்திருந்த கண்ணின் மேல் நடந்தது. நடுக்கறுப்பில் நின்று முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டது.

அவள் இமைக்கவில்லை.

பக்கத்தில், துணியில், ஈரம் காயாத இரண்டு இமைகள் மெதுவாக மூடின. திறந்தன. அவரைப் பார்த்தன.